வரட்டுமா

மின்கம்பியைச் செருகுவதற்கு முன்பே அந்த மடிக்கணினி தட்டியது.

முதலில் இரண்டு தட்டு, சற்று இடைவெளி, பிறகு ஒன்று. பிளக்கைக் கையில் பிடித்தபடியே ஜூலியட் நின்றுவிட்டாள். பல்லியாக இருக்கும் என்று எண்ணிச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். நாள்காட்டிக்கும் டியூப்லைட்டுக்கும் நடுவே எந்தப் பல்லியும் இல்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த மடிக்கணினியின் அடிப்புறத்தில், பாட்டரி இருக்க வேண்டிய பள்ளம் வெறுமையாகக் கிடந்தது. உப்பிப்போயிருந்த பாட்டரியைப் போன மாதம் அவளே கழற்றி எடுத்துவிட்டாள். கம்பியைச் செருகினாலன்றி அந்தப் பெட்டிக்கு மூச்சு கிடையாது. மழைத்துளி ஏதேனும் கூரைத் தகரத்தில் விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை நிமிர்த்தி வைத்தாள்.

அந்தத் தட்டு தனக்குப் பழகிய தட்டு என்பதை மட்டும் அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குமேல் ஆள் நடமாட்டம் இராது. ஜும்மா தொழுகையோடு கடைகள் அடைத்துக்கொள்ளும். அன்று கல்லறைத் திருநாளும்கூட. அம்மா சகாயம்மாள் மெழுகுதிரிக் கட்டோடு ஊருக்குப் போயிருந்தார். அப்பாவின் கல்லறையில் ஒன்று ஏற்றுவார்; தம்பி கிளாட்சனுக்கு ஒன்று, கல்லறை இல்லாதவர்களுக்காக நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவார். ஜூலியட் தன் பிரவுசிங் சென்டரின் ஷட்டரை உள்ளிருந்தே இறக்கிவிட்டு, ஜெராக்ஸ் டோனர் நெடியும் ஈரக் காகிதத்தின் புழுங்கிய வாசமும் நிறைந்த அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் தனியே அமர்ந்திருந்தாள். கோணிப்போன ஷட்டரின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதன் வழியே மழைநாளின் சாம்பல் வெளிச்சம் ஒரு கோடாகத் தரையில் விழுந்திருந்தது.

அந்த ஷட்டரை ஒருவரால் தூக்க முடியாது. இறக்குவது எளிது, ஏற்றும்போது ஒரு பக்கம் சிக்கிக்கொள்ளும். பக்கத்துக் கடைக்காரரைத்தான் இப்போதெல்லாம் துணைக்குக் கூப்பிடுகிறாள். கிளாட்சன் ஊரில் இருந்தவரை, சாப்பாட்டு அடுக்கோடு வந்து வெளியே நின்று, வேளாங்கண்ணியில் வாங்கிய மாதா மோதிரத்தால் தட்டுவான். இரண்டு தட்டு, இடைவெளி, ஒன்று. "உன் பக்கம் தூக்குக்கா" என்பான். அவன் வெளியிலிருந்தும் அவள் உள்ளிருந்துமாகத் தூக்குவார்கள். அடி விளிம்பில் அவள் கை வைக்கும்போது, அவள் விரல் நசுங்காதபடி அவன் தன் விரல்களை நகர்த்தி இடம் கொடுப்பான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவன் வளைகுடாவுக்குப் போனான். எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுசெல்லும் கப்பலில் வேலை. தெருவுக்கு நான்கு பேர் வெளிநாடு போயிருந்த காலம் அது; போகாதவனைத்தான் ஏன் என்று கேட்டார்கள். சென்ற மார்ச்சில் ஓர் இரவுப் பணியின்போது அவன் தவறிக் கடலில் விழுந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. உடல் கிடைக்கவில்லை. மடித்த சட்டைகளும் ஒரு ஜெபமாலையும் இந்தப் பழைய மடிக்கணினியும் ஒரு பெட்டியில் வந்துசேர்ந்தன.

மடிக்கணினியில் கிளாட்சன் ஒரு மென்பொருள் போட்டு வைத்திருந்தான். இணையத்தில் பேசும் பேச்சையெல்லாம் அது தானாகவே பதிந்துகொள்ளும். அம்மாவின் குரலைக் கப்பலில் திரும்பத் திரும்பக் கேட்பதற்காகப் போட்டதாம். அவற்றையெல்லாம் ஜூலியட் பென் டிரைவில் எடுத்துவிட்டாள், ஒன்றைத் தவிர. கடைசி நாள் பேச்சு. அது மட்டும் பதினோராவது நிமிடத்தில் நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க் உள்ளே தட்டத் தொடங்கும், திரை உறைந்துபோகும்.

அந்த நாளை அவள் நன்றாக நினைவு வைத்திருந்தாள். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். இரவாகியும் கடை நிறைய ஆள். தம்பியோடு பேசிக்கொண்டிருந்தவள், "இருடா, ஆளு வந்திருக்கு" என்று சொல்லி, மைக் வைத்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு ஜெராக்ஸ், பிறகு பிரிண்ட், பிறகு இன்னொருவர். மின்சாரம் போய்க் கணினி அணைந்தபோதுதான் நினைவு வந்தது. அவன் அப்போதே வைத்திருப்பான் என்று நினைத்தாள். அன்றிரவுதான் அவன் கடலில் விழுந்தான்.

ஆனால் அந்தக் கோப்பின் நீளம் நாற்பத்தொரு நிமிடம் ஆறு வினாடி என்று மடிக்கணினி காட்டியது.

அப்படியானால் அரை மணி நேரம் அவன் அங்கேயே இருந்திருக்கிறான். யாரிடம் பேசினான்? என்ன சொன்னான்? தவறி விழுந்தான் என்கிறது கடிதம். தவறித்தானா? அம்மாவிடம் கேட்க முடியாத அந்தக் கேள்வியை அவள் எட்டு மாதமாகத் தனியே சுமந்தாள். சோற்றில் கை வைத்தால் அது நினைவுக்கு வரும். ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் வரும்.

வழி ஒன்று கடைசியில் கிடைத்தது. அந்த வகை ஹார்ட் டிஸ்கில் ஒரு பழைய குறை உண்டு என்றும், அதனுள்ளேயே இருந்து அதை இயக்கும் சிறு கட்டளைத் தொகுப்பை, ஃபர்ம்வேர் என்பார்களே, அதைப் புதுப்பித்தால் தட்டுவதும் உறைவதும் நின்றுவிடும் என்றும் இணையத்தில் படித்தாள். புதுப்பிக்கும் குறுந்தகட்டைத் தானே தயாரித்தாள். ஒரே நிபந்தனை: பாதியில் மின்சாரம் போகக் கூடாது. போனால் ஹார்ட் டிஸ்க் நிரந்தரமாக ஊமையாகிவிடும்.

ஒரு மணி நேரம் மின்சாரம், இரண்டு மணி நேரம் இருட்டு என்றிருந்த இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் இது சிறிய நிபந்தனை அன்று. காலையில் லைன்மேன் தங்கையனிடம் கேட்டு வைத்தாள்.

"ஒரு மணிக்கு வரும், மூணு வரைக்கும் இருக்கும். மழை கை வெச்சிச்சுன்னா நான் பொறுப்பில்ல. மேல உங்க ஆளுகிட்டயே சொல்லி வைங்க, எங்காளுக்கு இன்னிக்கு நிறைய வேலை" என்று வானத்தைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனான்.

அப்போது சஃபியாவும் கடையில் இருந்தாள். சிங்கப்பூரில் இருக்கும் கணவனுக்கு வாரந்தோறும் படம் அனுப்ப வருபவள். மடிக்கணினியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "இத இன்னும் ஏன்க்கா வெச்சிக்கிட்டு இருக்கீங்க. சாமானுக்கும் மனசு உண்டு. அத அடக்கம் பண்ணிடுங்க" என்றாள் மெதுவாக. ஜூலியட் மடிக்கணினியை மேசையின் உட்புறமாக நகர்த்தி வைத்தாள்.

மணி ஒன்றேகாலுக்குப் பிளக்கை யுபிஎஸ்ஸில் செருகினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. தொடரலாமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். எண்கள் ஏறத் தொடங்கின. நான்கு. ஏழு. பதினொன்று.

காத்திருக்கையில், அப்பா அந்தோணிமுத்து சிறு வயதில் சொன்ன நண்டுக் கதை ஏனோ நினைவுக்கு வந்தது. வாய்க்கால் வரப்பில் ஒரு தாய் நண்டு. அதற்கு ஒரே குஞ்சு. கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று குஞ்சு போனது. மழைக்காலம் வந்தபோது மற்ற நண்டுகள் சேற்றால் வளையை அடைத்துக்கொண்டன. தாய் மட்டும் அடைக்கவில்லை; பிள்ளை வந்தால் வாசல் தெரிய வேண்டுமே. ஒரு நாள் வளைக்குள் ஈரமாக ஏதோ நுழைந்தது. வந்துவிட்டாயா என்று தாய் எழுந்தது. வந்தது உப்புத் தண்ணீர். அடுத்த போகம் அந்த வயலில் ஒரு நாற்றும் பச்சை பிடிக்கவில்லை என்று அப்பா முடிப்பார். கிளாட்சனுக்கு அந்த முடிவு பிடிக்காது. "குஞ்சும் தண்ணியோட தண்ணியா வந்திருக்கும்ப்பா. அம்மா சரியாப் பாத்திருக்காது" என்று அழுவான்.

நாற்பத்தாறு. ஐம்பத்திரண்டு. மழை வலுத்தது. கூரைத் தகரத்தின் இரைச்சலில் மின்விசிறியின் ஓசை அமிழ்ந்துபோயிற்று.

அறுபத்தொன்றில் மின்சாரம் போனது.

விளக்கு அணைந்தது, விசிறி தளர்ந்து நின்றது. மேசைக்கடியில் யுபிஎஸ் கூவத் தொடங்கியது. ஏப்ரலில்தான் பழையதாக வாங்கியது; அதன் பாட்டரியும் கிழடு. பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். ஜூலியட் இரு கைகளையும் மடிக்கணினியின் இரு பக்கமும் வைத்துக்கொண்டாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் கன்னத்தில் வைப்பதைப்போல. எழுபது. எழுபத்தைந்து. கூவலின் இடைவெளி குறுகியது. மாதாவே, இன்னும் கொஞ்சம் என்றாள். எண்பத்தெட்டு. கூவல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. தொண்ணூற்றாறு. நூறு. முடிந்தது என்ற எழுத்து தோன்றிய அதே கணத்தில் யுபிஎஸ் நீளமாக ஒருமுறை கத்தி ஓய்ந்தது. திரை இருண்டது.

முடிந்துவிட்டது. அவள் மூச்சுவிட்டாள். மின்சாரம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

மடிக்கணினி தட்டியது. இரண்டு. பிறகு ஒன்று.

திரை தானே ஒளிர்ந்தது.

யுபிஎஸ்ஸின் பச்சை விளக்கு செத்துக் கிடந்தது. தலைக்குமேல் விசிறி அசையவில்லை. மடிக்கணினியை ஒரு பக்கமாகத் தூக்கிக் கீழே பார்த்தாள். பாட்டரியின் பள்ளம் காலியாகவே இருந்தது. பள்ளத்தின் மூலையில் ஈரம், தொட்டால் வழுவழுத்தது. மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்று அவள் உடம்பு சொன்னது. முப்பது நிமிடக் குரல் அந்தத் திரைக்குள் இருந்தது. அவள் கோப்பைத் திறந்தாள்.

பதினோராம் நிமிடம் வந்தது. தட்டவில்லை. உறையவில்லை.

"இருடா, ஆளு வந்திருக்கு. தோ வந்துடுறேன்." அவளுடைய குரலேதான். எவ்வளவு அவசரம் அதில்.

"சரிக்கா. இருக்கேன்."

தூரத்தில் ஜெராக்ஸ் இயந்திரத்தின் முனகல். யாரோ சில்லறை கேட்டார்கள். சஃபியாவின் குரல்: "கலர்ல போடாதீங்கக்கா, கறுப்பு வெள்ளையே போதும். எம் புருஷன் கலரே அவ்வளவுதான்." பிறகு சிரிப்பு. அதைக் கேட்டுக் கப்பலில் இருந்தவனும் மெல்லச் சிரித்தான். இத்தனை நெருக்கத்தில் அவன் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. ஜூலியட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் காத்திருந்தான். ஏதோ முணுமுணுத்துப் பாடினான். நிறுத்தினான். ஜெராக்ஸ் மெஷின் இன்னும் அழுகிறதே, ரோலரை மாற்றச் சொன்னேனே என்று அங்கில்லாத அக்காவைக் கடிந்துகொண்டான். வெகுநேரம் கழித்துத் தாழ்ந்த குரலில் தொடங்கினான்.

"அக்கா, அம்மாகிட்ட சொல்லாத. இந்தக் கப்பல் எனக்கு ஒத்துக்கல. ராத்திரி டெக்ல தனியா நிக்கிறப்ப பயமா இருக்கு. அடுத்த மாசம் ஊருக்கே வந்துடலாம்னு பாக்குறேன். கடையை ரெண்டு பேருமா பாத்துக்குவோம். நீ என்ன சொல்ற?" சற்றுப் பொறுத்து, "நீ இல்லல்ல. சரி, வந்ததும் சொல்றேன்" என்றான்.

வருவதற்குத்தான் இருந்தான். சாவதற்கு அல்ல. அவள் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

முப்பத்தைந்தாம் நிமிடத்தில் அவன் சொன்னான்: "டூட்டிக்கு நேரமாயிடுச்சுக்கா. வரட்டுமா?"

அவள் தலை நிமிர்ந்தது.

பள்ளிக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று அப்படித்தான் கேட்பான். "வா" என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவன் போனதே இல்லை. ஒருநாள் கோபத்தில் அவள் வாய் திறக்காமல் இருந்தபோது, முதல் மணி அடித்து, இரண்டாம் மணி அடித்து, வெயில் ஏறும்வரை அவன் படியிலேயே நின்றான். அப்பாவிடம் அடி வாங்கினான். அப்போதும் நகரவில்லை.

"வரட்டுமாக்கா?"

கடையின் இரைச்சல்தான் பதிலாக வந்தது.

"சொல்லுக்கா. நீ சொல்லாம நான் எப்பக் கிளம்பியிருக்கேன்."

நாற்பதாம் நிமிடத்தில் யாரோ அவனை வேற்று மொழியில் அதட்டினார்கள். நாற்காலி நகர்ந்தது. நாற்பத்தொன்று, ஆறு. அவள் கடையில் மின்சாரம் போன கணம். கோப்பு அங்கே முடிய வேண்டும்.

நாற்பத்தொன்று, ஏழு.

எட்டு.

காற்று. திறந்த வெளியின் காற்று. இரும்புப் படிகளில் ஓட்டமும் நடையுமாகக் காலடிகள், நேரமாகிவிட்டவனின் காலடிகள். மடிக்கணினி அவனுடைய அறையில் இருந்திருக்க வேண்டும். இதை அது எப்படிக் கேட்டது? ஒரு வழுக்கல். ஒரு சிறிய மூச்சு. பிறகு இரும்பின்மேல் மோதிரம். இரண்டு தட்டு. இடைவெளி. ஒன்று. கப்பலின் வெளிப்பக்கத்தில், யாரேனும் திறப்பார்கள் என்பதைப்போல, மறுபடியும். மறுபடியும். யாரும் திறக்கவில்லை. பிறகு ஓசைகளெல்லாம் தடித்துப்போயின. தண்ணீருக்குள் கேட்பதைப்போல.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. மூடியை இறக்கினாள். குரல் மூடிக்குள்ளிருந்து வந்தது.

"வரட்டுமாக்கா?"

அதே குரல்தான். அதற்குள் தண்ணீர்போல ஏதோ நிறைந்திருந்தது.

அவள் பின்வாங்கினாள். முதுகு சுவரில் பட்டது. மழை இரைச்சலுக்கு நடுவே உப்பு மணத்தது. கடல் அங்கிருந்து பத்துக் காத தூரம் இல்லாவிட்டாலும், கடைத்தெருவுக்கு ஒருநாளும் வராத மணம். அதற்கு அடியில் இன்னொரு மணம். அதை அவள் அறிந்துகொள்ள விரும்பவில்லை.

"நீ இருன்னு சொன்ன. இருந்தேன்."

மழை இரைந்தது.

"எவ்வளவு நேரம்க்கா இருக்கிறது."

என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கணத்தில் மிகத் தெளிவாகத் தெரிந்தது. போ. போய்விடு தம்பி. ஒரே எழுத்து. இருக்கச் சொன்னவள் அவள். அவிழ்க்க வேண்டியவளும் அவள். ஆனால் படியைத் தாண்டுகிறவனைப் பார்த்து அந்தச் சொல்லை அவர்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாதென்று நாக்கு பேசப் பழகும்போதே பழகியது. உதடுகள் அந்த எழுத்துக்குக் குவிந்தன. குவிந்து நின்றன.

"வரட்டுமா?"

எட்டு மாதம். படியிலேயே நிற்கிறான்.

"வா" என்றாள் ஜூலியட். "வாடா தம்பி."

மடிக்கணினி அடங்கியது. உள்ளே சுழன்ற வட்டு மெல்ல மெல்லத் தளர்ந்து ஓய்ந்தது. மழைகூடச் சற்று நின்றதைப்போல இருந்தது. அழுகையோடு அவள் சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். சொல்லிவிட்டேன். கிளம்பியிருப்பான்.

பிறகுதான் தான் சொன்ன சொல் அவள் காதில் விழுந்தது.

தரையில் விழுந்திருந்த வெளிச்சக் கோடு இரண்டு இடங்களில் அறுந்தது.

இரண்டு கால்களின் அகலம். அங்கிருந்து நீர் உள்ளே கசிந்து வந்தது. மழைநீர் அல்ல. கனத்த, மெதுவான நீர்.

ஷட்டரில் தட்டு.

இரண்டு.

ஒன்று.

"உன் பக்கம் தூக்குக்கா."

ஒரு பக்கம் மட்டும் ஷட்டர் ஒரு சாண் உயர்ந்து, சிக்கி நின்றது. விளிம்பின் அடியில் விரல்கள் வந்தன. நான்கு விரல்கள். நகங்கள் இல்லை. நீரில் ஊறி வெளுத்து, ஒன்று மட்டும் மெலிந்து எலும்பாகி, அதில் மாதா மோதிரம் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமலே நடந்தாள். குனிந்தாள். எப்போதும் கை வைக்கும் இடத்தில் கை வைத்தாள்.

அவள் விரல் நசுங்காதபடி, அந்த விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து இடம் கொடுத்தன. நகர்ந்த இடத்தில் தோல் மட்டும் இரும்போடு ஒட்டிக்கொண்டு நின்றது.